மலை மேல் நின்ற கோயிலும், பாடிய பெண்ணும்

"ஆன் த ஹில் ஸ்டுட் எ டெம்பிள்" என்றால் நல்ல ஆங்கிலம். "ஆன் த ஹில் சேங் எ வுமன்" என்று எழுதினால் வெள்ளைக்காரர் கொஞ்சம் முழிப்பார். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. கோயில் நின்றாலும் சரி, பெண் பாடினாலும் சரி, 'மலை மேல்' என்று தாராளமாக ஆரம்பிக்கலாம்.

இதற்கு வழக்கமான வைத்தியம் ஒரு பட்டியல். ஸ்டாண்ட், லை, கம், அப்பியர்... மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இத்தனைக்கும் பதில் இருக்கிறது.

இந்த வாக்கிய அமைப்புக்கு ஒரே வேலைதான்: தெரிந்த இடத்தைக் காட்டி, அங்கே ஒரு புது ஆளையோ பொருளையோ மேடையேற்றுவது. நடுவில் வரும் வினை, திரை தூக்குகிற ஆள் மாதிரி. அவரே டான்ஸ் ஆட ஆரம்பித்தால் நாடகம் என்ன ஆகும்? கோயில் என்றால் நிற்கத்தான் செய்யும். ஸ்டுட் புதிதாக எதையும் சொல்லவில்லை. சேங் அப்படியல்ல, பாட்டு என்று தனியாக ஒரு செய்தியைச் சுமந்து வருகிறது. "ஆன் த ஹில் ஸ்டுட் இட்" என்பதும் இதனால்தான் ஆகாது. இட் ஏற்கெனவே தெரிந்த பொருள். தெரிந்தவரை யாராவது அறிமுகம் செய்வார்களா?

செய்பவரின் முயற்சி இல்லாமல் நடக்கும் வினைகளே இங்கே பொருந்தும் என்று இன்னொரு விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் "ஆன் த டேபிள் ப்ரோக் எ கப்" ஏன் தடுமாறுகிறது? கோப்பை முயற்சி செய்தா உடைந்தது? மறுபக்கம், "இன்டு த ரூம் ரேன் எ சைல்ட்" ஜோராக இருக்கிறது. (திசை சேர்ந்தால் ஓட்டமும் வேறு வகை வினையாகிவிடும் என்று சமாளிப்பவர்கள் உண்டு. சரி, உடைந்த கோப்பைக்கு?) இன்டு என்றதுமே யாரோ நுழைகிறார்கள் என்று காது தயாராகிவிடுகிறது. அதன்பிறகு ரேன் கனமாகத் தெரிவதில்லை.

பெட்டி பர்னர் என்ற மொழியியலாளர் 1995ல் லிங்குவா இதழில் இதைத்தான் விளக்கினார்: வினை முன்பே சொல்லப்பட்டதாகவோ, சூழலிலிருந்து ஊகிக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். ஒரு தையல் கடையை அறை அறையாக வர்ணித்துக்கொண்டே போய், "இன் த பேக் ரூம் வொர்க்ட் டூ டெய்லர்ஸ்" என்று எழுதிப் பாருங்கள். கடை என்றால் வேலை நடக்கும்தானே. வொர்க் உறுத்தாது.

பாடும் பெண்ணைச் சிவப்பு மையால் அடிக்கிற ஆசிரியர்கள், அதற்கு முந்தைய வரியையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். மலையடிவாரம் முழுக்கப் பாட்டுப் போட்டி நடப்பதாக மாணவன் ஏற்கெனவே எழுதியிருந்தால்?