மரமில்லா மலை வறுமலையோ?

சென்ற பனிக்காலத்தில் நீலகிரிக்குச் சுற்றுலாச் சென்று மீண்ட நம் மாணவர் சிலர், தீர்மானத்தாள் ஒன்றை ஏந்தி எம்மிடம் வந்தனர். உதகைக்கு மேற்கே, மரமின்றிப் புல் மட்டுமே மூடிக் கிடக்கும் குன்றுகள் பலவற்றைக் கண்டு அவர்கள் மனம் நொந்தனராம். மாணவர் ஒருவர்க்கு ஒரு கன்றாக அக்குன்றுகளில் மரம் நடுவதற்குப் பொருள் திரட்ட விரும்பி, எம் கையொப்பத்தை வேண்டினர். யாம் இடவில்லை. நற்செயலுக்குத் தடையாய் நின்றோமென்று விடுதியில் வருத்தம் நிலவுவதாக அறிகின்றோம். ஆதலின் எம் காரணத்தை இம்மலர் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

அக்குன்றுகள் மரத்தை இழந்தவை என்பது மாணவர் கருத்து. அஃது உண்மையன்று. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த கரிமண்ணை அகழ்ந்து ஆராய்ந்த அறிஞர் தம் முடிபை 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெப்பநாட்டுப் புல்லின் கரிக்கும் மரத்தின் கரிக்கும் அணுவளவில் வேறுபாடு உண்டு. அதனைக் கொண்டு 20,000 ஆண்டுகளின் வரலாற்றை அம்மண்ணிலேயே படிக்க முடிந்தது. வானம் வறண்ட காலத்திற் புல் பெருகியும், ஈரமிகுந்த காலத்தில் மரம் பெருகியும் வந்திருக்கின்றன. ஆங்கிலேயர் உதகையை அறிவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே புல் ஆங்குக் குடிகொண்டிருந்தது.

மரம் ஏன் அக்குன்றுகளை மூடவில்லை எனின், மலையின் இரவை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆயிரம் அடி ஏறுந்தோறும் ஏறத்தாழ 2 பாகை செண்டிகிரேடு வெப்பம் குறைகின்றது. தொட்டபெட்டாவின் உயரமோ 8,652 அடி. மார்கழி, தை மாதங்களில் முகிலில்லா இரவுகளில் நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு இழந்துவிட, விடியலிற் புல்நுனிதோறும் வெள்ளுப்புப் போல் உறைபனி படிந்திருக்கும். அதே நாள் நண்பகலிற் கதிரவன் சுடும். ஓராண்டின் இருபருவங்களை ஒரே பகலிரவிற் கடக்க வேண்டிய நிலை அங்குள்ள செடிக்கு உண்டு.

புல் இதனை எளிதிற் கடக்கின்றது. அதன் வளர்முனை மண்ணையொட்டித் தூரின் உள்ளே அடங்கியிருக்கும். காய்ந்த பழந்தாள்கள் அதற்குப் போர்வையாகும். மேலே உள்ளதைப் பனி கருக்கினும், தீ எரிப்பினும், எருமை மேயினும், அடியினின்று மீண்டும் தளிர்க்கும். மரக்கன்றின் வளர்முனையோ உச்சியில் நிற்பது. பனி கருக்குவது அவ்வுச்சியையே. ஆதலின், மலைமடிப்புகளில் நீரும் நிழலும் உள்ள இடங்களிலேயே மரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றையே சோலை என்கின்றோம். ஆங்கில நூலாரும் நம்மிடமிருந்தே இச்சொல்லைக் கடன்கொண்டனர். சோலை மரங்கள் காற்றுக்கு அஞ்சியவை போல உயரத்தைக் குறைத்துக் குடைபோல் முடி விரிப்பன. இலைகள் சிறியனவாய்த் தடித்திருப்பன. பல மரங்களில் இளந்தளிர் சிவந்து தோன்றும். கடுவெயிலினின்று தளிரைக் காப்பது அச்செந்நிறம் என்பர். சோலை மரத்தின் கன்று தாய்மரத்தின் நிழலில் உறைபனிக்குத் தப்பி வளரும். பத்தடி தள்ளிப் புல்வெளியில் முளைத்தால் மாளும். சோலைக்கும் புல்லுக்கும் இடையே வரப்பிட்டாற்போல் எல்லை நிற்பதற்கு உறைபனி ஒரு பெருங்காரணம் என்பதை 2020-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டுகின்றது.

இவ்விதிக்கு அடங்காதது காட்டுப் பூவரசு. புல்வெளி நடுவே தனித்து நின்று, செம்மலர்க் கொத்துகளை ஏந்தும் இம்மரத்தை மாணவரும் கண்டிருப்பர். இதன் பட்டை தடித்தது. தீயையும் ஓரளவு தாங்கும். இதன் இனமே இமயத்திலும், ஈழத்து மலைகளிலும் உண்டு. இடைப்பட்ட சமவெளியில் ஓரிடத்தும் இல்லை! சதுப்போரத்தில் அழுகண்ணி என்னும் சிறு செடி, மண்ணிற் கிடைக்காத சத்தைப் பூச்சி பிடித்து ஈட்டிக்கொள்கின்றது. குறிஞ்சியைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டு ஆண்டு காத்து, ஒருங்கே பூத்து, விதை சிந்தி மடியும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அஃது வெயில்படும் புற்சரிவில் வாழ்வது. அடர்ந்த மரநிழலில் அதற்கு இடமில்லை. குறிஞ்சித் திணையை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நம் மாணவர், குறிஞ்சி நின்ற இடத்தில் மரம் நடப் பொருள் திரட்டுவது எமக்கு வியப்பையே தந்தது.

மாணவரை மட்டும் குறை கூறுவது முறையன்று. அறிவிற் பெரியோரும் இப்பிழையைச் செய்துள்ளனர். புல்வெளியைத் தரிசு என்று கணக்கேட்டில் எழுதிய கை ஒன்றிரண்டன்று. ஆஸ்திரேலியாவினின்று சீகை மரமும் கற்பூர மரமும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே நீலகிரிக்கு வந்தன. குளிர்காயவும் சமைக்கவும் விறகு வேண்டியிருந்தது. பின்னர்த் தோல் பதனிடப் பட்டை வேண்டியிருந்தது. சோலையை வெட்டாமல் விறகு பெறலாம் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது; அதனை மறுக்கோம். ஆயின் சீகைக் கன்று உறைபனியைத் தாங்குவது. வேலியாக நின்ற பனி அதற்கு வேலியாகவில்லை. நட்ட இடத்தினின்று நடாத இடமெல்லாம் பரவிற்று. பழனி மலையில் 1973-க்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இருபங்கு மறைந்தது என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மரம் மிகுந்தால் மழையும் நீரும் மிகும் என்பர் சிலர். நீலகிரியின் கிளென்மார்கனில் இதனை அளந்தே பார்த்தனர். அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதன் பெரும்பகுதியிற் கற்பூர மரம் நட்டனர். முதற் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியினின்று ஒழுகிய நீர் நூற்றுக்குப் பதினாறு பங்களவு குறைந்தது. மாயாறும் பவானியும் இம்மலை நீரையே சுமந்து இறங்குவன. பவானி காவிரியிற் கலப்பது. கீழே வயலில் நிற்பவர்க்கும் மேலே உள்ள புல்லுக்கும் உள்ள உறவு இது. சதுப்பு வற்றினால், தொதவர் தம் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லும் உடன் போகும். அப்புல்லின் அறிவியற் பெயர், 1921-இல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி நூலெழுதிய ரங்காச்சாரியாரின் பெயரைத் தாங்கியது. புல்லை எண்ணி ஒருவர் நூலெழுதிய நாடு நம்முடையது!

அங்ஙனமாயின் சீகையையெல்லாம் வெட்டிவிடலாமே என்று ஒரு மாணவர் எம்மைக் கேட்டார். அதுவும் எளிதன்று. அதன் விதை மண்ணிற் பல்லாண்டு உறங்கும். மரத்தை வெட்டி வெயில் படவிட்டால் ஆயிரமாயிரமாய் முளைக்கும். சோலையோரத்துப் பழந்தோப்பு சிலவற்றின் நிழலிலே சோலை மரக் கன்றுகளும் வளரத் தொடங்கியுள்ளன. அவற்றை வெட்டுவது இரண்டாம் பிழையாகும். புல்வெளியின் விளிம்பில் இன்றுதான் தலைகாட்டும் சீகைக் கன்றுகளைக் கையாற் பிடுங்குவதும், அடுத்த ஆண்டும் அவ்விடத்துக்கே சென்று பிடுங்குவதும் பயன்தரும். இப்பணியிற் படமெடுத்து மாட்டுவதற்கு ஒன்றும் எஞ்சாது. சென்றபோது புல், மீளும்போதும் புல்.

தீர்மானத்தாள் எம் மேசைமேல் இன்னும் கிடக்கின்றது. "நட" என்னும் சொல்லை அடித்து "களைய" என்று திருத்தி, வனத்துறையாரின் இசைவும் பெற்று வருவாராயின், அன்றே கையொப்பமிடுவோம். வண்டிச்சத்தத்தில் எம் பங்கையும் தருவோம். இவ்வாண்டு முதல் வகுப்பிற் சேர்ந்தோர் பட்டம் பெற்றுச் சென்றபின், 2030-இல் குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டிய முறை வருகின்றது.