டிரைவரை விடுங்க... நாசிலைக் கழட்டுங்க!

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஆபீஸ்களில் அடிக்கடி நடக்கிற பஞ்சாயத்து இது. 'போன டிரிப்புல மூணே கால் குடுத்த வண்டி, இந்த டிரிப்புல மூணைத் தாண்டலை. மீதி டீசல் எங்கய்யா போச்சு?' என்பார் ஓனர். 'போட்ட டீசல் அத்தனையும் வண்டிதாண்ணே குடிச்சுது' என்பார் டிரைவர். ஓனர் நம்ப மாட்டார். படியில் பிடித்தம் விழும். அடுத்த மாசம் டிரைவர் வேற வண்டிக்குப் போய்விடுவார். புது டிரைவர் வருவார். அதே வண்டி, அதே மூணு கிலோமீட்டர், அதே பஞ்சாயத்து!

டீசல் விற்கிற டிரைவரே உலகத்தில் இல்லை என்று சத்தியம் பண்ண நான் வரவில்லை. ஆனால், ஓனர் அண்ணாச்சி... உங்கள் வண்டிக்குள்ளேயே ஆறு பேர் உட்கார்ந்து டீசல் திருடிக்கொண்டிருக்கலாம். அவர்களை வேலைக்கு வைத்தது டிரைவர் இல்லை. பாதி விலைக்குக் கிடைக்குதே என்று வாங்கி மாட்டியது நீங்கள்தான். அந்த ஆறு பேருக்குப் பெயர் இன்ஜெக்டர். பட்டறை பாஷையில், நாசில்.

லாரி இல்லாத வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கு அமுக்கென்று அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பனிப்புகை மாதிரி பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தப் பீய்ச்சுகிற வேலைதான் இன்ஜெக்டருக்கு. லாரி டயரில் 120 பவுண்டு காற்று அடிப்போம் இல்லையா? இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசலின் அழுத்தம் 23,000 பவுண்டுக்கு மேல் போகும். இன்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு இன்ஜெக்டரும் குறைந்தது 750 தடவை திறந்து மூட வேண்டும். உள்ளே இருக்கிற ஊசிக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்தச் சாமானைத்தான் 'ஒரிஜினல் மாதிரியேதான் சார்' என்று சொல்லிப் பாதி விலைக்கு நீட்டுகிறார்கள். மாதிரியே என்றால்? அட்டைப்பெட்டி மாதிரியே இருக்கிறது. ஸ்டிக்கர் மாதிரியே இருக்கிறது. ஊசி?

ஊசி சரியாக மூடாவிட்டால் டீசல் பனிப்புகையாக வராது, சொட்டும். சொட்டுகிற டீசல் முழுசாக எரியாது. சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும். ஒரே இடத்தில் விழுந்து எரிந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும். அப்புறம் நாசில் செலவா? முழு இன்ஜின் செலவு!

பாதி விலைக்காரர் ஒரு ரகம் என்றால், இன்னொரு ரகம் இருக்கிறார். 'பெரிய ஓட்டை நாசில் போட்டுத் தர்றேன்ணே... வண்டி பிச்சுக்கிட்டு ஓடும்' என்கிறவர். காலி வண்டியை மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவார். பிக்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். நாற்பது டன்னோடு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது அந்த மெக்கானிக்கா கூட வரப்போகிறார்?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு கார் ஓவர்டேக் எடுக்கும்போது பத்து விநாடி முழு பலத்தையும் காட்டும். பிறகு ஓய்வுதான். டிரெய்லரை இழுக்கிற வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. மேடு முடிகிறவரைக்கும் முழு மிதிதான். கூடுதல் டீசலை உள்ளே விட்டவர் கூடுதல் காற்றை விட்டாரா? இல்லை. எரியாத டீசல் கரும்புகையாகப் போகிறது. எரிகிற டீசலின் சூடு டர்போவையும் வால்வையும் பிஸ்டனையும் வறுக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ்-6 வண்டி என்றால் கதை இன்னும் மோசம். புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அடைத்துக்கொண்டு, இன்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பலத்துக்காகச் செலவு பண்ணி, இருந்த பலத்தையும் இழப்பது என்பது இதுதான்!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்... ஒரு நாசிலுக்கு 8,000 ரூபாய் மிச்சம். ஆறுக்கு 48,000. சந்தோஷம். வண்டி மாசம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 3.2 கொடுத்த வண்டி 3.0-க்கு இறங்கிவிட்டது. அதாவது 2,500 லிட்டரில் முடிந்த வேலைக்கு இப்போது 2,667 லிட்டர். டீசல் 90 ரூபாய் என்று வைத்தால்கூட மாசம் 15,000 ரூபாய் புகையாகப் போகிறது. மூன்றே கால் மாசத்தில் உங்கள் மிச்சம் காலி. நாலாவது மாசத்திலிருந்து அந்த 'மலிவு' நாசிலுக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். வட்டியை டிரைவர் படியில் பிடிக்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

'கம்பெனி ஷோரூம் விலைக்கு எங்கே சார் போறது? டியூ கட்டவே நாக்கு தள்ளுது' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. லாரி கம்பெனிக்கு இன்ஜெக்டர் செய்து கொடுக்கிற தயாரிப்பாளர்களே தங்கள் சொந்தப் பெட்டியில் வெளிச் சந்தையிலும் விற்கிறார்கள். பழசைக் கொடுத்துவிட்டு, அவர்களே உள்பாகம் மாற்றிச் சோதித்த ரீகண்டிஷன் இன்ஜெக்டரையும் வாங்கலாம். அது புதுசைவிடக் குறைந்த விலைதான். விலை குறைவாக இருப்பது குற்றமில்லை. குறைந்த விலைக்குக் காரணம் சொல்ல முடியாத சாமானை வாங்குவதுதான் குற்றம்.

எனவே, வாங்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். என் இன்ஜின் நம்பருக்கு உரிய பார்ட் நம்பர்தானா? 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள். சோதனை பெஞ்சில் ஏற்றினீர்களா, ரிப்போர்ட் எங்கே? பழைய காலத்து நாசிலைக் கைப்பம்பில் மாட்டி, 'பாரு, எப்படி அடிக்குது' என்று கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காமன் ரெயிலுக்கு அந்த வித்தை போதாது. ஐட்லிங்கில் எவ்வளவு, முழு லோடில் எவ்வளவு, ரிட்டர்ன் லைனில் எவ்வளவு திரும்புகிறது என்று பெஞ்ச் அளந்து காகிதத்தில் கொடுக்க வேண்டும். ஆறுக்கும் அளவு ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது, இன்ஜெக்டர் தலையில் பொறித்த கோடு எண்ணை ஸ்கேனர் வைத்து இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்களா? பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் அதைச் செய்யாவிட்டால், நல்ல இன்ஜெக்டரே தப்பான அளவில் டீசல் கொடுக்கும். நாலாவதுதான் நம் ஆட்களுக்குக் கசக்கிற கேள்வி... பில் எங்கே?

'பில் போட்டா வரி ஏறும்ணே' என்பார் கடைக்காரர். முன்பு 28 சதவீதம் கட்டிய காலத்தில் சொன்ன சாக்கு அது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்தான். அந்தக் காகிதத்துக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றாலும், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவரை 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஒற்றை வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிற ஓனருக்கு இது எவ்வளவு பெரிய பிடி! பில்லே இல்லாமல் எந்த முகத்தோடு ஆணையத்துக்குப் போவீர்கள்?

கடைசியாக, புது நாசில் போட்டதும் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். தண்ணீர் பிரிக்கிற கப்பைத் திறந்து வடியுங்கள். தண்ணியும் தூசியும் கலந்த டீசல் போனால் எந்த ஒரிஜினலும் டூப்ளிகேட்தான். காலிப் பெட்டியைக் கிழித்துப் போடுங்கள். முழுசாகப் போனால் அதற்குள் வேறொரு போலி குடியேறி, வேறொரு லாரிக்காரர் தலையில் விழும்.

இனிமேல் மைலேஜ் குறைந்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ஆறையும் கழட்டிப் பெஞ்சில் ஏற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் டிரைவரிடம் கணக்குக் கேளுங்கள், தப்பில்லை. நாசில்தான் தின்றது என்று ரிப்போர்ட் வந்தால், பிடித்த படியை அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். வேறு வண்டிக்குப் போய்விட்டாரா? போன் நம்பர் உங்களிடம் இருக்கும்தானே... கூப்பிட்டுக் கொடுங்கள்!