பாரசீகக் கதைக்கு லண்டன் சுற்றித்தான் போகணுமா?

உமர் கய்யாம் யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "சரக்கைப் பத்திப் பாட்டு எழுதினவர்" என்பார்கள். பாவம் மனுஷன், 11-ஆம் நூற்றாண்டில் அல்ஜீப்ரா நூல் எழுதிய கணித மேதை!

காரணம் இருக்கிறது. 1859-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு அவர் பாடல்களைக் கலந்து, மாற்றி, தன் இஷ்டத்துக்கு ஆங்கிலமாக்கினார். அதைப் பார்த்துத்தான் கவிமணி 1945-ல் தமிழில் தந்தார். குழந்தைகளுக்கு அவ்வளவு அழகாகப் பாடிய கவிமணியை நான் குறை சொல்லவில்லை. கிடைத்ததை வைத்து விருந்தே வைத்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அதே ஆங்கிலக் கடை வாசலில் நிற்கிறோமே, அதுதான் எரிச்சல்.

"பாரசீகம் நமக்கு அந்நியம்" என்று சொல்லாதீர்கள். எங்க ஊர் ஆயக்குடி ஒரு காலத்தில் ஜமீன். ஜமீன், ஜமாபந்தி, பஜார், சிபாரிசு எல்லாமே பாரசீகம் தந்தவைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுக்கென்று ஒரு துறையே இருக்கிறது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 6-ஆம் நூற்றாண்டிலேயே நம் பஞ்சதந்திரத்தைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். அது அரபி போய், மறுபடி பாரசீகத்துக்கு வந்து 'கலீலா-திம்னா' ஆனது. பள்ளிக்கூடமே போகாத, புத்தகக் கடையில் வேலை பார்த்த மெஹ்தி ஆசர் யஸ்தி, 1950களில் அதைப் பிள்ளைகளுக்காக எளிய நடையில் எழுதினார். பிறகு ரூமியின் மஸ்னவிக் கதைகளையும் எழுதினார். ஈரானில் தலைமுறைகள் அதைப் படித்து வளர்ந்தன.

"பிள்ளைகளுக்கு நீதி புரிந்தால் போதாதா, எந்த மொழி வழியா வந்தா என்ன?" என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மொழி தாண்டும்போதும் முதலில் உதிர்வது சிரிப்பு. அடுத்தது பேச்சு வழக்கு. கடைசியில் மிஞ்சுவது அந்த நீதி மட்டும்தான்!

மஸ்னவியில் ஒரு கூண்டுக்கிளி. இந்தியாவுக்குப் போகும் வியாபாரியிடம், "அங்கிருக்கும் கிளிகளிடம் என் நிலைமையைச் சொல்" என்கிறது. கேட்டதும் அங்கே ஒரு கிளி பொத்தென்று விழுகிறது. ஊர் திரும்பியவன் அதைச் சொன்னதும் இந்தக் கிளியும் விழுகிறது. செத்துவிட்டதென்று வெளியே போட்டால்... பறந்தே போய்விடுகிறது! இதற்குக் கீழே 'நீதி' என்று தடித்த எழுத்தில் போட்டால், கிளியை மறுபடி கூண்டில் அடைத்த மாதிரிதான்.

பாரசீகம் படித்த ஒருவரும், பிள்ளைகளுக்கு எழுதத் தெரிந்த ஒருவரும் ஒரே மேஜையில் உட்காரட்டும். பதிப்பாளர்களே, அந்த மேஜையைப் போட வேண்டியது நீங்கள்தான்.