பட்டம் இருக்கிறது, படம் எங்கே?

தமிழின் முதல் பேசும் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று நம் மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் சென்னை என்பர். சிலர் சேலம் என்பர். வேறு சிலர் கோவை என்பர். இல்லை, நண்பர்களே! நாம் வாழும் இந்த மாநகரில்தான் அது எடுக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'ஆலம் ஆரா'வைத் தந்த அர்தேஷிர் இரானி, அதே ஆண்டில், அதே பம்பாயில், 'காளிதாஸ்' படத்தையும் தயாரித்தார். எச். எம். ரெட்டி இயக்கினார். அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் படம் திரைக்கு வந்தது. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. அன்று அவருக்கு வயது 20 கூட நிரம்பவில்லை.

அந்தப் படத்தில் கதாநாயகி தமிழில் பேசினார். கதாநாயகர் தெலுங்கில் மறுமொழி சொன்னார். இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. சயானிலும் தாராவியிலும் வாழும் நமக்கு இதில் நகைக்க என்ன இருக்கிறது? தமிழில் தொடங்கி, மராத்தியில் பதில் வாங்கி, இந்தியில் பேரம் முடிப்பது நம் அன்றாட வாழ்க்கை அல்லவா?

ராஜலட்சுமி அம்மையார் 1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே மணம் முடித்தனர். அந்த மணம் நிலைக்கவில்லை. வறுமை துரத்தியது, நாடக மேடை கைகொடுத்தது. பெண் மேடை ஏறினால் ஊர் தூற்றிய காலம் அது. தூற்றலுக்கு அஞ்சியிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திராது. மேடையிலிருந்து ஊமைப் படத்துக்கும், அங்கிருந்து பேசும் படத்துக்கும் வந்தார். 1933-இல் 'வள்ளி திருமணம்' வெளிவந்து வெற்றி கண்டது. 'சினிமா ராணி' என்று மக்கள் அழைத்தனர்.

ஆனால், அவர் வாழ்வின் உச்சம் அதுவன்று. 'கமலவல்லி' என்று தாம் எழுதிய நாவலை 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படமாக்கினார். கதை அவருடையது, தயாரிப்பும் இயக்கமும் அவருடையவை, நடித்தவரும் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது. 1961-இல் கலைமாமணி விருது பெற்றார், 1964-இல் மறைந்தார்.

இனிக் கடல் கடந்து ஜப்பானைப் பாருங்கள். 1909-இல் பிறந்த கினுயோ தனாகா 14 வயதில் திரைக்கு வந்தார். ஜப்பானின் முதல் முழுநீளப் பேசும் படம் எனப் பெயர் பெற்ற படம் வெளிவந்ததும் 1931-இல்தான். அதன் கதாநாயகி தனாகா. மிசோகுச்சி என்னும் பேரியக்குநரின் படங்களில் நடித்து உலகப் புகழ் பெற்றார். பின்னர்த் தாமே படம் இயக்க விரும்பியபோது, அந்த மிசோகுச்சியே எதிர்த்தார். தனாகா பின்வாங்கவில்லை. 1953 முதல் 1962 வரை ஆறு படங்களை இயக்கினார். 1975-இல் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றார், 1977-இல் காலமானார்.

இரு பெண்மணிகளின் வாழ்வும் எவ்வளவு ஒத்துச் செல்கிறது! வேற்றுமை எங்கே வருகிறது? தனாகா இயக்கிய 'நிலவு எழுந்தது' என்னும் 1955-ஆம் ஆண்டுப் படம், புதுப்பிக்கப்பட்டு 2021-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 'மிஸ் கமலா'வின் ஒரு படி கூட எஞ்சவில்லை. 'காளிதாஸ்' படமும் இல்லை.

ஜப்பானியர் யாவற்றையும் காத்தனர், நாம் யாவற்றையும் தொலைத்தோம் என்று சொல்ல வரவில்லை. அந்நாட்டின் முதல் பெண் இயக்குநர் தசுகோ சகானே. அவருடைய முதல் படமும் 1936-இல்தான் வந்தது, அதுவும் அழிந்தது. காரணத்தில் பாதி வேதியியல். அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. அது நாளடைவில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்தோடு கூடி அமிலமாகும். அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். தன் நோயைத் தானே வளர்க்கும் பொருள்! வெப்பமும் ஈரமும் மிக்க நம் கடற்கரை நகரங்கள் அதற்கு எமன். தீப்பற்றினாலோ அணைப்பது அரிது. புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு 2003 சனவரியில் தீக்கிரையாயிற்று.

மற்றப் பாதி நம் மனப்பான்மை. ஓடி முடிந்த படம் ஒன்றுக்கும் உதவாது என்று எண்ணினோம். சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964-இல். ராஜலட்சுமி அம்மையார் மறைந்த அதே ஆண்டில்!

"பழைய சினிமா போனால் என்ன? அது நல்ல படமோ, இல்லையோ!" என்று ஒருவர் கேட்கலாம். அதைத்தான் நானும் கேட்கிறேன். அது நல்ல படமா, இல்லையா? யார் சொல்வது? தனாகாவின் படத்தைப் பார்ப்பவர், இந்தக் காட்சி நன்று, அந்தக் காட்சியில் தொய்வு என்று துணிந்து சொல்லலாம். ராஜலட்சுமியைப் பற்றி நம்மால் அப்படி ஒரு சொல் சொல்ல இயலாது, புகழத்தான் இயலும். பாராமலே புகழ்வது எளிது. அது கலைஞருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? 'முதல் கதாநாயகி' என்று பட்டம் சூட்டிவிட்டு, அவர் எழுதியதையும் இயக்கியதையும் மறந்துவிட்டோம்.

போன படம் திரும்பாது. எஞ்சிய தாளையாவது காப்போம். படக்கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் துண்டுகள், நாடக நோட்டீசுகள் ஆகியவை ஊரை விட்டு வந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பாட்டிமார் இருக்கிறார்கள்; பெட்டிகளும் இருக்கின்றன. நம் சங்கம் ஆண்டு விழாவுக்கு முன் ஒரு மாதம் இதற்கென ஒதுக்கட்டும். கிடைப்பதைக் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்து, யாரிடம், எந்த ஊரில் வாங்கியது என்று குறித்து, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு அனுப்புவோம். செலவு மிகக் குறைவு. தேவை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்.

தமிழ்ப் படம் முதன்முதலில் வாய் திறந்தது இந்த நகரில். அந்தக் குரலின் எச்சத்தைத் தேடும் கடமை முதலில் நமக்கே. இந்த ஞாயிறன்று உங்கள் வீட்டுப் பரணைத் திறந்து பாருங்கள்!