வதந்திக்கு யார் பொறுப்பு?

தாயகத்து ஆட்சியாளர்களைப் பற்றிப் பிள்ளைகள் ஐயம் எழுப்பினால், "அவையெல்லாம் வதந்தி, படிப்பைக் கவனி" என்று பேச்சை முடித்துவிடும் வழக்கம் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரிடம் வேரூன்றியுள்ளது. சலாலாவில் வாழும் பெற்றோராவது அவ்வாறு சொல்லத் தயங்க வேண்டும்.

1970 ஜூலை 23 அன்று அந்நகரின் அரண்மனையில்தான் சுல்தான் சயீத் பின் தைமூர் பதவியிறக்கப்பட்டு, அவருடைய மகன் காபூஸ் அரியணை ஏறினார். அதில் பிரித்தானியருக்கிருந்த பங்கு பல ஆண்டுகள் கழித்தே ஆவணங்கள் வழியாக வெளிப்பட்டது. அன்று ஐயுற்றவர்கள் பொய்யர்கள் அல்லர்.

அதே காபூஸ் 2020 ஜனவரி 10 அன்று மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்தவர் யார் என்ற ஊகம் பல்லாண்டுகளாக உலவி வந்தது. மறுநாளே, அவர் விட்டுச்சென்ற முத்திரையிட்ட மடல் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் பிரிக்கப்பட்டு, ஹைதம் பின் தாரிக்கின் பெயர் வாசிக்கப்பட்டது. முடியாட்சியில் மக்களுக்கு வாக்கில்லை என்பது உண்மையே. ஆயினும் ஊகத்திற்கு ஒரே நாளில் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

வாக்குரிமையும், 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உள்ள தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 செப்டம்பர் 22 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சலும் நீரிழப்பும் என்று முதலில் சொல்லப்பட்டது. டிசம்பர் 5 வரை நீண்ட அந்த 75 நாட்களில் அவருடைய ஒரு நிழற்படம்கூட வெளிவரவில்லை. 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த ஒளிப்படக் காட்சி தமிழகமெங்கும் காட்டப்பட்டது. 32 ஆண்டுகள் கழித்து, கைக்குக் கை கேமரா இருந்த காலத்தில், அது இயலாமற் போயிற்றாம்! மாறாக, உடல்நிலை குறித்து வதந்தி பரப்பியதாகச் சிலர் கைது செய்யப்பட்டனர்.

முதலமைச்சர் இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னது பொய் என 2017 செப்டம்பரில் பொதுமேடையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன். ஐயத்தைப் பகிர்ந்த குடிமகன் மீது வழக்கு. பொய் சொன்ன அமைச்சருக்குப் பதவி. இதுதான் நீதியா?

மறைவில் அதிகாரப் போட்டி நடக்கிறது என்ற பேச்சும் அன்று ஏளனம் செய்யப்பட்டது. 2017 பிப்ரவரி 7 அன்று ஓ. பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் அமர்ந்தெழுந்து, தம்மை வற்புறுத்திப் பதவி விலகச் செய்தார்கள் என்று அறிவித்தார். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். இறப்பு குறித்து விசாரணை கோரியவரும் அவரே. ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் சொல்ல வந்ததோ 2022 மார்ச்சில்!

வதந்திகள் எல்லாம் மெய்யாகிவிடா. கொலை என்றும் நஞ்சு என்றும் பரவிய கதைகளுக்குச் சான்று ஏதுமில்லை. அவற்றைப் பரப்பும் இளையோர் கண்டிக்கத்தக்கவர்களே. ஆனால் அக்கதைகளுக்கு நிலத்தை உழுது வைத்தவர் யார்?

மூன்று மாதங்களில் அறிக்கை தரவேண்டிய ஆறுமுகசாமி ஆணையம், மீண்டும் மீண்டும் கால நீட்டிப்புப் பெற்று 2022 ஆகஸ்டில்தான் தந்தது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமைந்த எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை முறையானதே என்றது. ஆணையமோ நால்வர் மீது விசாரணை வேண்டும் என்றது. இறந்த நேரத்தையே, மருத்துவமனை அறிவித்த டிசம்பர் 5 இரவுக்கு மாறாக, டிசம்பர் 4 பிற்பகல் என்றது. ஒரு முதலமைச்சர் இறந்த நாள் எது என்பதில்கூட இரண்டு விடைகள்!

அரசுத் தலைவர்களின் உடல்நிலையை மக்களுக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. நாடு திரும்பும் விடுமுறைகளில் தம் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும் புலம்பெயர்ந்தோர், சாலையும் விமானச் சேவையும் கேட்கும் மனுவில் இச்சட்டத்திற்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். அம்மனுவை எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடலாம்.