கேட்டதெல்லாம் செய்தியாகுமா?



நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போர் ஓர் உண்மையை நாள்தோறும் கண்டுவருகின்றனர். பழுப்பு நிலக்கரி எவருக்கும் தரையின் மேற்பரப்பில் கிடைப்பதில்லை. மலைமலையாக மேல்மண்ணை வெட்டி அகற்றியாக வேண்டும். நிலக்கரிப் படிவத்தின் அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பின்னரே கரி வெளிப்படும். 1957ஆம் ஆண்டு இங்கே சுரங்கப் பணி தொடங்கிய நாள் முதல் இன்றுவரை இந்த ஒழுங்கு மாறியதில்லை.

மண்ணைத் தோண்டுவதில் இத்துணைப் பொறுமை காட்டும் நாம், செய்தி ஒன்று வந்து சேரும்போது மட்டும் ஒரு சாண் ஆழம்கூடத் தோண்டுவதில்லை. விஞ்ஞானச் செய்தியாயினும், சினிமாச் செய்தியாயினும், புதிய இயந்திரம் ஒன்றைப் பற்றிய செய்தியாயினும், அது வந்த மறுகணமே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். "ஆஹா" என்போர் ஒருபுறம். "அழிவு" என்போர் மறுபுறம். என்ன நடந்தது என்று கேட்போரைக் காண்பதுதான் அரிதாக இருக்கிறது.

2020ஆம் ஆண்டில் நம்முடைய ஊரே இதற்குச் சான்றாக அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 'மாஸ்டர்' திரைப்படத்தின் படப்பிடிப்பு இங்கே நடைபெற்றது. பிப்ரவரி 5 அன்று வருமான வரித்துறையினர் படப்பிடிப்புத் தளத்திற்கே வந்து நடிகர் விஜய் அவர்களிடம் விசாரணை மேற்கொண்டனர். பின்னர் அவர் நெய்வேலிக்குத் திரும்பியபோது ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடினர். பிப்ரவரி 9 அன்று அவர் வேன் ஒன்றின் மீது ஏறி நின்று, அந்த மக்கள் வெள்ளம் பின்னணியில் தெரியும்படி தம்மைத் தாமே படம் எடுத்தார். அவ்வாண்டில் இந்தியாவில் மிகுதியாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு அதுவே என்று டிசம்பரில் டுவிட்டர் நிறுவனம் அறிவித்தது. ஒரு கலைஞர் மீது மக்கள் அன்பு கொள்வதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

ஆனால் அதே ஆண்டு மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இதே ஊரின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நிகழ்ந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 தொழிலாளர் மாண்டனர். தீக்காயமுற்றோர் பலர் பின்னர் மருத்துவமனையில் உயிர் நீத்தனர். நம் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்ற அந்தப் படம் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. மாண்டவர்களுள் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அன்று நடந்த ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். விபத்து நிகழ்ந்த சில நாழிகைகளுக்குள், இறந்தோர் பட்டியல் என்று ஒன்று கைப்பேசிகளில் வலம் வந்தது. அதனை எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. எனக்கு அறிமுகமான ஒரு தாயின் மகன் பெயர் அதில் இருந்தது. அந்த அம்மையார் கதறி விழுந்தார். உறவினர் வீட்டு வாசலில் கூடினர். பிற்பகலில் அந்த மகன் தம் கால்களால் நடந்து வீடு வந்து சேர்ந்தார். அவர் அன்று அந்தப் பகுதியில் பணியிலேயே இல்லை. அந்தப் பட்டியலை அனுப்பியவர்கள் பகைவர்கள் அல்லர். ஐவேளையும் தொழக்கூடிய நம்மவர்களே. "தெரிந்தோருக்குப் பயன்படட்டும் என்று அனுப்பினோம்" என்றனர். அந்தத் தாய் தரையில் கிடந்து புலம்பிய நேரத்திற்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை.

ஆராயாது பரப்பப்படும் செய்தியின் கொடுமையை இந்தச் சமுதாயத்திற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் மாதம் டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடியவர்களுள் சிலருக்குக் கொரோனா நோய் கண்டது. அந்த உண்மையோடு நூறு பொய்கள் கலக்கப்பட்டன. வேண்டுமென்றே நோயைப் பரப்பினர் என்றும், உணவில் உமிழ்ந்தனர் என்றும் பழைய காட்சிகளும் பொருந்தாத காட்சிகளும் உலவின. தெருவில் காய்கறி விற்ற ஏழைகளின் பிழைப்பிலும் அதனால் மண் விழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அக்கூட்டத்திற்கு வந்திருந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டனர் என்ற கருத்தையும் தெரிவித்தது. ஆனால் அந்தப் பொய்களைப் படித்தோருள் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைப் படித்தனர்? பொய் சென்ற வீடுகளுக்கெல்லாம் மறுப்பு சென்று சேர்வதில்லை.

அந்தக் கத்தியால் வெட்டுண்டவர்கள் நாம். எனவே நம் கையிலும் அதே கத்தி இருக்கிறதா என்று பார்க்க நாமே முதலில் கடமைப்பட்டுள்ளோம். இதில் பிறரைச் சொல்லும் முன் என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மத்ரஸாவிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். ஒரு ஜும்ஆ நாளில் மிம்பரில் நின்று, 1969இல் சந்திரனில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசை கேட்டதாகவும், பின்னர் இஸ்லாத்தைத் தழுவியதாகவும் உருக்கமாக எடுத்துரைத்தேன். மக்கள் கண்ணீர் மல்கக் கேட்டனர். தொழுகை முடிந்ததும், அனல்மின் நிலையத்தில் பணியாற்றும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், தவறாக எண்ணாதீர்கள். நான் மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எண்ணைக் குறிக்கிறவன். பார்க்காமல் எழுதினால் என் வேலை போய்விடும். தாங்கள் சொன்னதை எதில் பார்த்தீர்கள்?" என்றார். சந்திரனில் காற்றில்லை என்றும், காற்றில்லாத இடத்தில் ஓசை பரவாது என்றும் பள்ளிப் பிள்ளைகளே அறிவார்கள் என்பதையும் பணிவுடன் சேர்த்துச் சொன்னார்.

நான் எதிலும் பார்த்திருக்கவில்லை. ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அவரும் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தார். பின்னாளில் தேடிப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. இச்செய்தி பல முஸ்லிம் நாடுகளில் பரவியதால், ஆம்ஸ்ட்ராங் மதம் மாறவில்லை என்பதைத் தெளிவுபடுத்துமாறு அமெரிக்க வெளியுறவுத் துறை 1983 மார்ச் மாதமே தன் தூதரகங்களுக்கு எழுதியிருந்தது. ஜேம்ஸ் ஹேன்சன் எழுதி 2005இல் வெளிவந்த ஆம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை வரலாற்று நூலிலும் மறுப்பு இடம்பெற்றுள்ளது. அவர் 2012இல் காலமானார். ஆயினும் இக்கதை இன்றும் சில மேடைகளில் உயிரோடு உலவுகிறது.

"மார்க்கத்திற்குப் பெருமை சேர்க்கும் கதைதானே, அதனால் என்ன தீங்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. பெருமானாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் மழலைப் பருவத்திலேயே மறைந்தார். அன்றைய தினம் சூரிய கிரகணம் ஏற்பட்டது. நபிமகன் மறைவுக்காகச் சூரியனே இருண்டது என்று மதீனத்து மக்கள் பேசிக்கொண்டனர். அதனைப் பெருமானார் மறுக்காமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும். அந்தப் பேச்சு பல்லாயிரம் உள்ளங்களில் ஒரு அற்புதமாகப் பதிந்திருக்கும். ஆனால் மகனை இழந்த துயரத்திலும் அவர்கள் மக்கள் முன் நின்று, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகளே என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் உண்டாவதில்லை என்றும் அறிவித்தார்கள். தமக்கே பெருமை தரக்கூடிய பொய்யையும் ஏற்காத பெருந்தலைவரின் சமுதாயத்திற்கு, ஆம்ஸ்ட்ராங் கதை தேவைதானா?

நம் முன்னோர் செய்தியை எவ்வாறு சோதித்தனர் என்பதையும் நினைவுகூர வேண்டும். இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெருமக்கள் ஒரு நபிமொழியை ஏற்கும் முன், சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தனர். ஒரு கண்ணி விடுபட்டிருந்தாலும் அந்த அறிவிப்பைப் பலவீனமானது என்று ஒதுக்கினர். இதற்கென்றே அறிவிப்பாளர்களின் வரலாற்றைக் கூறும் தனிக் கலை ஒன்று வளர்ந்தது. இன்று நம் கைப்பேசிக்கு வரும் செய்தியின் தலையில் 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற குறிப்பைக் காண்கிறோம். மார்க்கக் கல்வி கற்றவர் நோக்கில் இதன் பொருள் என்ன? அறிவிப்பாளர் எவருடைய பெயரும் இல்லாத அறிவிப்பு என்பதே. வதந்திகளால் உயிர்கள் பறிபோனதைக் கண்ட பின்னர், 2018ஆம் ஆண்டு அந்த நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு விதித்தது. வணிக நிறுவனம் ஒன்று விதித்த அளவு கட்டுப்பாட்டைக்கூட நாம் நமக்கே விதித்துக்கொள்ளவில்லை.

அவசரமாக உரிமை கொண்டாடுவது ஒரு பிழையென்றால், அவசரமாகத் தடை விதிப்பது மற்றொரு பிழை. ஒலிபெருக்கி புதிதாக வந்த காலத்தில், தொழுகையில் அதனைப் பயன்படுத்தலாமா என்ற வினா எழுந்தது. தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் முதலில் கூடாது என்றே கருதினார்கள். ஒலிபெருக்கியில் கேட்பது இமாமின் குரலா, அல்லது அதன் எதிரொலியா என்பதே சிக்கலாக இருந்தது. விஞ்ஞானம் கற்றோரிடம் விசாரித்து விளக்கம் கிடைத்த பின்னர், தம் கருத்தை மாற்றி எழுதினார்கள். தாம் அறியாத துறையில் அறிந்தோரைக் கேட்டதும், உண்மை தெரிந்தபோது தம் சொல்லைத் திருத்திக்கொண்டதும் அந்தப் பேரறிஞரின் மதிப்பைக் குறைக்கவில்லை.

அண்மைக் காலச் செய்திகள் இரண்டை இந்த ஒளியில் நோக்குவோம். 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அவர்கள். அன்று மாலையே "நம் பெண்மணி" என்று வாழ்த்துகள் குவிந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் அவர் 1987இல் விண்வெளித் துறையில் பணியேற்றவர். வெளியுலகம் அறியாத நீண்ட உழைப்பு அந்த ஒரு நாளின் பின்னே நிற்கிறது. அவரைப் பற்றிய வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்பிய தந்தை ஒருவர், பௌதிகம் படிக்க விரும்பிய தம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்ததை நான் அறிவேன். இவர் கொண்டாடியது எதனை?

மற்றொன்று இசையுலகச் செய்தி. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், மறைந்துவிட்ட பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிக்கச் செய்தார். விந்தை என்றனர் சிலர். இறந்தோரை எழுப்பும் பாவம் என்றனர் சிலர். கேட்கத்தக்க கேள்வி வேறு: அந்தக் குரலுக்கு உரியோரின் இசைவு பெறப்பட்டதா? அவர்களுக்குரிய ஊதியம் தரப்பட்டதா? இரு குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று, உரிய தொகையையும் வழங்கியதாக ரஹ்மான் தெரிவித்தார். இசை பற்றிய மார்க்கக் கருத்து எதுவாயினும், பிறர் உடைமையை அனுமதியின்றி எடுக்கலாகாது என்பதிலும், உழைப்புக்குக் கூலி உண்டு என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே கருவி மோசடிக்காரன் கையில் கிடைத்தால், உங்கள் மகனின் குரலில் பேசி உங்களிடம் பணம் கேட்கவும் இயலும்; ஓர் ஆலிமின் குரலில் அவர் சொல்லாத ஃபத்வாவைச் சொல்லவும் இயலும். காதால் கேட்டதும் கண்ணால் கண்டதும் சான்றாக இருந்த காலம் கடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, அன்புக்குரியவர்களே, செய்தி ஒன்று வந்தால் விரலை அசைக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். இதனை நேரில் கண்டவர் யார்? எனக்குச் சொன்னவர் அவரை அறிவாரா? இது பொய்யாக இருப்பின் யாருடைய வீட்டில் அழுகுரல் எழும்? விடை தெரியாவிடில் நிறுத்திவிடுங்கள். மதீனத்துப் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தொலைதூரத்திலிருந்து வந்து கேட்டோருக்கும் பல வினாக்களில் "எனக்குத் தெரியாது" என்றே விடையளித்தார்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் காதில் அந்தச் சொல் விழட்டும். தவறான செய்தியை அனுப்பிவிட்டீர்களாயின், அனுப்பிய இடங்களுக்கெல்லாம் மறுப்பையும் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர் இருப்பின் நேரில் சென்று மன்னிப்புக் கேளுங்கள்.

நான் மறு வாரமே அதே மிம்பரில் நின்று, ஆம்ஸ்ட்ராங் பற்றி நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்று அறிவித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்தப் பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். வெளியே வரும்போது அவர் என் கையைப் பற்றி ஸலாம் கூறினார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை. மீட்டரைப் பார்க்காமல் எண்ணை எழுதாத அந்த நேர்மையை அவரிடமே நான் கற்றேன்.

எல்லாம் வல்ல இறைவன் நம் நாவையும் விரலையும் காத்தருள்வானாக! ஆமீன்.