எல்லாம் பரிபாஷையாம்!

போன மாதம் மருதமலை போயிருந்தேன். முழங்கால் படியேற மறுப்பதால் பஸ்ஸில்தான். முருகனைக் கும்பிட்டுவிட்டு, மெதுவாகப் பாம்பாட்டிச் சித்தர் குகைக்கு இறங்கினேன். நல்ல கூட்டம். அங்கே கண்மூடி நின்ற ஒருவரிடம், "இவர் பாட்டு படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்கய்யா, அதெல்லாம் பரிபாஷைங்க. குரு இல்லாமப் படிச்சாத் தப்பாப் போயிருமுங்க."

இந்தப் பதிலைப் பல வருஷமாகக் கேட்கிறேன். இனி பொறுப்பதாக இல்லை.

பாம்பு என்றால் குண்டலினி. சரி, ஒப்புக்கொள்கிறேன். யோகமும் ரசவாதமும் வருகிற இடங்களில் மறைபொருள் உண்டுதான். ஆனால் சிவவாக்கியர் சாதியைக் கேள்வி கேட்பதில் என்ன பரிபாஷை? நட்ட கல்லைச் சுற்றுவதை அவர் கேலி செய்வதற்கு எந்தக் குருவின் உரை வேண்டும்? ஆறாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். புரிந்துவிடும் என்பதுதான் நம் சிக்கல். போதாக்குறைக்கு, அவரே பிறகு திருமழிசை ஆழ்வாராக மாறிவிட்டார் என்று ஒரு கதை வேறு!

ஆபீசில் தொல்லை தரும் மனு வந்தால் 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று குறிப்பெழுதிக் கோப்பை முடிப்போம். நானும் செய்திருக்கிறேன். 'பரிபாஷை' என்பதும் அதே குறிப்புதான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சித்தர் பாடல்கள் கைக்கு வந்ததே முப்பது வயதுக்கு மேல், உக்கடம் பழைய புத்தகக் கடையில். அதற்கு முன் எங்களுக்குப் பாஸ்கல்தான். 1654 நவம்பர் 23 இரவு அவருக்கு நேர்ந்த இறையனுபவத்தை ஒரு தாளில் எழுதி, சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். செத்த பிறகே அகப்பட்டது. ஒளித்து வைத்த எழுத்துதான். ஆனாலும் வகுப்பில் அதை நேராகப் படித்தோம். படித்துச் சண்டையும் போட்டோம்.

அதே புதுச்சேரியில் 1908 முதல் பத்து வருஷம் இருந்த பாரதி, பாரதி அறுபத்தாறில் தன்னையும் ஒரு சித்தன் என்கிறார். அழுக்கு மூட்டை சுமந்த குள்ளச்சாமியைக் குருவாகக் கொண்டவர் அவர். குரு கிடைத்ததும் இன்னும் வெளிப்படையாகப் பாடினாரே தவிர, வாயை மூடிக்கொள்ளவில்லை.

சித்தர் பெயரில் லேகியம் விற்கிறோம், பௌர்ணமிக்கு வரிசையில் நிற்கிறோம். அவர்கள் திட்டியதை மட்டும் காதில் வாங்க மாட்டோம்.

குகையில் பார்த்தவரிடம் சொன்னேன்: "என்கிட்டப் புத்தகம் இருக்கு. வீட்டுக்கு வாங்க, சிவவாக்கியர் பத்துப் பாட்டு சேர்ந்து படிப்போம்."

"பார்க்கலாமுங்கய்யா" என்றார். இன்னும் வரவில்லை.